குமிழ் ஓடுதா சிஸ்டர்?

வென்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் சில அப்பாக்கள் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். 2021-க்குப் பிறகு இது அதிகமாகிவிட்டது. கொரோனா இரண்டாம் அலையில் தெருவுக்கு ஒருவரையாவது வென்டிலேட்டரில் வைத்தார்கள். பலரைப் பொதிந்து கட்டித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து "வென்டிலேட்டர் வச்சா அவ்வளவுதான்" என்பது ஊருக்குள் முடிந்த தீர்ப்பு. அதற்கு முன்பே 'ரமணா' வந்து ஒரு வேலை செய்து வைத்திருந்தது. 2002-ல் வந்த படம். செத்தவரை உள்ளே வைத்துக்கொண்டு சிகிச்சை என்று காசு பிடுங்கும் காட்சியை இன்றைய அப்பாக்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பார்த்தார்கள். நான் வேலை பார்ப்பது அரசு மருத்துவமனை, பில் கிடையாது. இருந்தும் தாய்மாமன் ஒருவர் வந்து குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லுங்கம்மா, பிள்ளை இருக்கா?" என்று கேட்பார். எனக்குக் கோபம் வருவதில்லை. கையைக் கழுவச் சொல்லி, கவுன் மாட்டி உள்ளே கூட்டிப்போய், பிள்ளையின் உள்ளங்கையில் அவர் சுண்டுவிரலை வைக்கச் சொல்வேன். பெரும்பாலும் பிள்ளை விரலைப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மாமாதான் வெளியே நிற்கிற மற்ற குடும்பங்களுக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தென்மாவட்டம் ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் பக்கத்தில் இந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. "பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க" என்பார்கள். உள்ளே வந்து பார்த்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் மேலிருந்து சூடு தரும் திறந்த வார்மரில்தான் கிடக்கும். பெட்டி இல்லையே என்று கோபித்துக்கொண்ட ஆச்சிகளும் உண்டு. நம்ம பிள்ளையை மட்டும் வெளியே போட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு வருத்தம்.

பெரியவர்களுக்கு வைக்கிற வென்டிலேட்டரும் இந்தப் பிள்ளைகளுக்கு வைப்பதும் வேறு என்பதிலிருந்துதான் நான் பேச்சைத் தொடங்குவேன். பெரியவர்களுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நுரையீரல் கெட்டுப்போயிருக்கும். குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் கெடவில்லை. அது இன்னும் முழுசாக உருவாகி முடியவில்லை. மழையில் நனைந்த கேரி பேக்கின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் பாடுபடுத்துமே, அப்படித்தான் அதன் காற்றறைகளும். ஒவ்வொரு முறை மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மறுபடி பிரிக்க வேண்டும். ஒட்டாமல் காக்க சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் நுரையீரலிலேயே ஊறும். அது போதிய அளவு ஊற 34, 35 வாரமாவது ஆகும். அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-ல் இதைக் கண்டு சொன்னார்கள். சொன்னதும் மருந்து வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே ஓர் ஆண் குழந்தை பிறந்தது, எடை 2.1 கிலோ. இரண்டு நாள்கூட அது தாங்கவில்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்ட செய்தி 1980-ல்தான் வந்தது. இன்று 2.1 கிலோவில் ஒரு பிள்ளை வந்தால் எங்கள் பிரிவில் அது தடியன். மனசு விட்டுப்போன அப்பாக்களிடம், "அமெரிக்க ஜனாதிபதி பிள்ளைக்குக் கிடைக்காத மருந்து உங்க பிள்ளைக்கு ஓசியில கிடைச்சிருக்கு அண்ணாச்சி" என்று சொல்வேன். கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த நேரத்துக்கு அது போதும்.

கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது எடையை அல்ல. பிரசவத்துக்கு முன் அம்மாவுக்கு டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார்களா என்பதைத்தான். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் காட்டிய வழி இது. அம்மாவுக்குப் போடுகிற ஊசி பிள்ளையின் நுரையீரலை முந்திப் பழுக்க வைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரோ ஒரு சிஸ்டர் நேரம் பார்த்து முதல் ஊசியைப் போட்டு 108-ல் ஏற்றி அனுப்பியிருந்தால், அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன். அப்படி வந்த பிள்ளை மூச்சு விடுகிற விதமே வேறு.

பிறந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை முனக ஆரம்பிக்கும். "பிள்ளை அனத்துது சிஸ்டர், எங்கயோ வலிக்கு போல" என்பார்கள். வலி இல்லை. விடுகிற மூச்சு முழுசும் வெளியே போய்விடாமல், தொண்டையைப் பாதி அடைத்துப் பிடித்துக்கொள்கிற சத்தம் அது. காற்றறை ஒட்டாமலிருக்கப் பிள்ளை தானே கண்டுபிடித்த வழி. சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி என்ற மயக்க மருந்து நிபுணர் இதைக் கவனித்து, பிள்ளை செய்கிற வேலையை நாம் வெளியிலிருந்து செய்தால் என்ன என்று யோசித்தார். 1971-ல் அவர் எழுதிய கட்டுரையில் பிறந்ததுதான் சிபாப். மூச்சை அது எடுத்துக் கொடுப்பதில்லை. மூச்சு பிள்ளையுடையதுதான்; விடும்போது காற்றறை மூடிவிடாமல் முட்டுக் கொடுக்கும்.

எங்களிடம் இருப்பது குமிழ் சிபாப். மூக்கில் இரண்டு சின்னக் குழல். அதன் வழியே ஈரமும் சூடும் ஏற்றிய காற்று போகும். வெளியே வரும் குழாயின் நுனி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் முங்கியிருக்கும். அந்த 5 செ.மீ. தண்ணீர்தான் நுரையீரலுக்குள் நிற்கும் அழுத்தம். அழுத்தம் கூட்ட வேண்டுமா, குழாயை இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டும். இத்தனை பெரிய விஷயத்துக்கு இவ்வளவு எளிய ஏற்பாடு என்பதில் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. பாட்டிலில் ஓயாமல் குமிழ் வரும், களகளவென்று. வந்தால் எல்லாம் சரி. நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது: மூக்குக்குழல் நழுவியிருக்கும், இல்லையென்றால் பிள்ளை வாயைத் திறந்திருக்கும்.

மானிட்டரைப் பார்த்துப் பார்த்து அம்மாக்கள் பைத்தியம் பிடித்துப்போகிறார்கள். பிள்ளை காலை உதறினால் ப்ரோப் நழுவும், 94 இருந்த எண் 71 ஆகும், மணி அடிக்கும், அம்மா அழுவாள். அதனால் நான் எண்ணைப் பார்க்க விடமாட்டேன். நாற்காலியை மானிட்டருக்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டு, "அது எங்க வேலை. நீ குமிழைப் பாரு, நெஞ்சைப் பாரு, உதட்டு நிறத்தைப் பாரு" என்று சொல்லிவிடுவேன். ஒரு நாளில் பழகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு அமைதியாக இருக்கும்போது, "சிஸ்டர், குமிழ் நின்னுட்டு" என்று ஒரு குரல் வரும். போய்ப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். தாடைக்கடியில் ஒரு சின்னத் துணிச்சுருள் வைத்து வாயை மூடினால் களகள சத்தம் திரும்ப வரும். அழுதுகொண்டே இருந்தவள் அதற்குப் பிறகு அடுத்த வார்மரில் கிடக்கும் பிள்ளையின் பாட்டிலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

அப்பாக்களுக்கு எண் மீதுள்ள மோகம் கொரோனா தந்த இன்னொரு சீதனம். வீட்டில் விரலில் மாட்டுகிற கருவி வாங்கி வைத்தவர்கள் அல்லவா? "93 தான் காட்டுது, கொஞ்சம் கூட்டி 100 ஆக்குங்க" என்பார்கள். ஆக்ஸிஜன் கொடுக்கும்போது 90-லிருந்து 95 வரைக்குள் நிறுத்துவதுதான் எங்கள் குறி. தேவைக்கு மேல் போனால் குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து கண்ணையே கெடுத்துவிடும். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். "நூறு நமக்கு வேண்டாம் அண்ணாச்சி, கண்ணு வேணும்" என்றால் புரிந்துகொள்வார்கள். காஃபின் கொடுப்பதுதான் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். குறைமாதப் பிள்ளைகள் திடீரென்று மூச்சு விட மறந்துபோகும். 20 விநாடிக்கு மேல் நின்றால் உள்ளங்காலைச் சுண்டிவிடுவோம். மறக்காமலிருக்கத் தினமும் காஃபின் மருந்து. "பிறந்த உடனே காப்பியா?" என்று கேட்ட ஒரு டீக்கடைக்காரர், மறுநாள் எங்கள் எல்லோருக்கும் ஒரு தூக்குவாளி நிறையக் காப்பி கொண்டுவந்தார்.

சிபாப் போட்ட பிள்ளையின் முகம் தெரியாது. தலைக்குத் தொப்பி, அதிலிருந்து மூக்குக்குழலைப் பிடிக்கும் நாடா, கன்னத்தில் ஒட்டு, வாயில் வயிற்றுக்குப் போகும் குழாய். பெற்றவள் பார்ப்பது கண் இரண்டும் கொஞ்சம் தாடையும்தான். மூக்குத்தண்டு புண்ணாகாமலிருக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பார்ப்போம். அந்த அரை நிமிடத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். டியூட்டிக்கு வரும் புதுப் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். கழற்றியதும் மூக்கின் இரு பக்கமும் சிவப்பாக அழுந்திய தடம் இருக்கும். பிள்ளை மூக்கைச் சுருக்கி ஒரு தும்மல் போடும். "எங்க அப்பா மூக்கு" என்பாள் ஒருத்தி. மாமியார் உடனே, "எங்க வகையறா மூக்குல்லா!" என்பார். இந்தச் சண்டை வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குக் கவலை குறைந்துவிடும்.

குழாயைத் தொண்டைக்குள் இறக்கி வென்டிலேட்டரில் வைத்த பிள்ளைகளின் பெற்றோர்பாடுதான் கடினம். குழாய் குரல்வளையைத் தாண்டிப் போகிறது. ஒரு கிலோவுக்குக் கீழ் என்றால் 2.5 மி.மீ. குழாய். பிள்ளை அழும்; முகம் சிவக்கும், உதடு பிதுங்கும், கை விரியும். சத்தம் மட்டும் வராது. இதை முன்கூட்டிச் சொல்லாமல் பெற்றோரை உள்ளே விடக் கூடாது. சொல்லாமல் விட்ட இடங்களில் அம்மா மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். குழாயை எடுத்த பிறகும் ஒன்றிரண்டு நாள் குரல் கரகரப்பாகத்தான் இருக்கும். அந்தக் கரகரத்த அழுகையைப் போனில் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிய அப்பாக்கள் உண்டு.

எட்டாம் மாதப் பிரச்சினை தனி. "ஏழாம் மாசம் பிறந்தா தங்கும், எட்டாம் மாசம்னா நிக்காது" என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. 28 வாரத்துப் பிள்ளையின் குடும்பம் தைரியமாக இருக்க, 33 வாரத்துப் பிள்ளையின் ஆச்சி ஒப்பாரிக்குத் தயாராக உட்கார்ந்திருப்பார். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான், எட்டுக்கென்று தனிக் கண்டம் கிடையாது. விளக்கம் சொன்னால் ஆச்சி கேட்பதில்லை. ஐந்து வாரம் குறைவாகப் பிறந்த பிள்ளை படும் பாட்டையும் அவர் பேரன் சிபாபை உதறிவிட்டுச் சும்மா கிடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தானாக வாயடைத்துப்போவார்.

பழி எல்லாம் மருமகள் தலையில்தான் வந்து விழும். ஸ்கூட்டியில் போனாள், பப்பாளி தின்றாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள். பனிக்குடம் முன்னாலேயே உடைவதற்கும் ரத்தக்கொதிப்பு ஏறுவதற்கும் காரணம் வேறு என்பதை மாமியார் காதில் விழும்படி, கொஞ்சம் அதட்டலாகவே சொல்வேன். மருமகளுக்கு ஆறுதல் சொல்வதைவிட இது பலன் தரும். அவளுக்கு நான் கொடுப்பது வேலை. பிரசவ வார்டில் நாலு பக்கமும் பிள்ளையோடு அம்மாக்கள். இவள் மட்டும் வெறுங்கையோடு கிடப்பாள். தையல் வலியோடு சக்கர நாற்காலியில் வரவழைத்து, கையில் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தைக் கொடுத்துப் பால் பீய்ச்சச் சொல்வேன். முதல் நாள் சீம்பால் சில சொட்டுதான் வரும். "இதை வச்சு என்ன சிஸ்டர் செய்ய?" அந்தச் சொட்டைப் பஞ்சில் தொட்டுப் பிள்ளையின் கன்னத்துக்குள் அவளையே தடவச் சொன்னால் கேள்வி நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். முதலில் குழாயில் 2 மி.லி., அப்புறம் பாலாடை, கடைசியில் மார்பு. பிள்ளையைத் தொட்டுவிட்டு வந்து பீய்ச்சினால் பால் கூடுதலாக வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பால் கிண்ணத்தை மூடி, மேலே பெயரும் நேரமும் ஒட்டி, படி ஏறி இறங்குவது அப்பாவின் வேலை. கையெழுத்துப் போடுவதும் காப்பீட்டு அட்டைக்கு அலைவதும் மட்டுமே தன் பங்கு என்று மாடிப்படிக்கடியில் குறுகி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு, ஒரு கிண்ணப் பால் பெரிய உத்தியோகம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி; அதன் வழியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தொற்று வந்துவிடும் என்பது சட்டம்போல் இருந்தது. பெற்றோரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ள மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் வழிகாட்டுதல் வெளியிட்டபோது எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு. இருக்கிற நெரிசலில் அம்மாவும் வந்து நின்றால் எங்கே நடப்பது என்று. நெரிசல் உண்மைதான், இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் கை கழுவக் கற்றுக்கொண்ட அம்மா ஒரு பிள்ளையை மட்டும்தான் தொடுகிறாள். நாங்கள் ஒருத்தி ஆறேழு பிள்ளைகளைத் தொடுகிறோம். தொற்று யாரிடமிருந்து வர வாய்ப்பு அதிகம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

2021-ல் இன்னும் வலுவான சான்று வந்தது. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு: ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்ததிலிருந்தே நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. சிபாப் போட்ட பிள்ளையையும் அப்படி வைக்கலாம். குழாயை ஒருவர் பிடிக்க, பிள்ளையை ஒருவர் தூக்க, கொஞ்சம் கைவேலை வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவை அப்பாவைக் கூப்பிட்டேன். லாரி டிரைவர், ஆறடி ஆள். "நான் பிடிச்சா ஒடிஞ்சிராதா சிஸ்டர்?" சட்டையைக் கழற்றக் கூச்சம். திரையை இழுத்துவிட்டு, நெஞ்சில் பிள்ளையைக் குப்புறச் சாய்த்து, துணியால் சுற்றிக் கட்டினோம். ஆள் மூச்சையே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க மூச்சு விடுங்க, அதைப் பார்த்துத்தான் அதுவும் விடும்" என்றேன். அரை மணி நேரத்தில் பிள்ளையின் துடிப்பு 170-லிருந்து 145-க்கு இறங்கியது; ஆக்ஸிஜனைக் குறைக்க முடிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இறக்கச் சொன்னால், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்கிறார். கொசு கடித்ததைக்கூட அடிக்கவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கொசு எப்படி என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

"பிழைச்சுக்குமா?" என்ற கேள்விக்கு நான் மணிக்கணக்கு சொல்வதில்லை. சினிமா டாக்டர்கள் 48 மணி நேரம் கெடு சொல்லிச் சொல்லி ஜனங்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். 48 தாண்டிவிட்டால் கண்டம் தீர்ந்தது என்று தேங்காய் உடைக்கப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் தொற்று வந்தால் நம்மைத்தான் கேட்பார்கள். கையெழுத்து வாங்கும்போதெல்லாம் "கொஞ்சம் சீரியஸ்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் அதையே சொன்னால், உண்மையிலேயே சீரியஸ் ஆகும் அன்றைக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்வேன். நேற்று 40 சதவீதம் ஆக்ஸிஜன், இன்று 30. எடை 60 கிராம் இறங்கியிருக்கிறது, முதல் வாரம் இறங்கத்தான் செய்யும். நேற்றைவிட மோசம் என்றால் அதையும் சொல்வேன். மோசம் என்று கேட்டு அழுதவர்கள் யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. நல்லாயிருக்கு என்று கேட்டுவிட்டு இழந்தவர்கள்தான் வந்திருக்கிறார்கள்.

இழப்பதும் உண்டு. கடைசி நேரம் என்று தெரிந்துவிட்டால் பெற்றோரை உள்ளே கூப்பிட்டு மடியில் கொடுத்துவிடுவோம். "அவ பார்க்க வேண்டாம், தாங்கமாட்டா" என்று ஆண்கள் தடுப்பார்கள். பார்க்காதவர்கள்தான் தாங்கமாட்டார்கள் என்பது என் கட்சி. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நான் பேசுவேன். பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு நெஞ்சில் பால் கட்டிக் காய்ச்சல் வரும். வீட்டில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். பால் கட்டும் என்பதையும் அதற்கு என்ன செய்வது என்பதையும் அவள் போகும்போதே சொல்லி அனுப்ப வேண்டும். பல இடங்களில் அதைச் சொல்ல ஆளிருப்பதில்லை. பிள்ளை இல்லாத அம்மா யாருடைய நோயாளி என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வீட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான வேலை. டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது என்றால், "இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி" என்று இரண்டு நாள் படுக்கை போய்விடும். அதை விட்டுக்கொடுத்துவிடுவேன். விட்டுக்கொடுக்க முடியாதவை வேறு. மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலோ, நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ அஷ்டமி பார்க்காமல் வர வேண்டும். குளிப்பாட்ட வரும் அம்மா பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதக் கூடாது. அடுத்தது சாம்பிராணி.

"சாம்பிராணி போடாம எப்படிம்மா, தலையில நீர் கோத்துராதா?" என்றார் போன மாதம் ஓர் ஆச்சி.

"புகை ஆகாது ஆச்சி. எத்தனை நாள் மெஷின்ல கிடந்துச்சு, பார்த்தீங்கள்ல."

"தூரத்துல வச்சு தலைமுடிக்கு மட்டும் காட்டுதேன்."

"முடியே இல்லையே ஆச்சி."

"சாமிக்குப் போடணும்லா?"

"சாமிக்குப் போடுங்க. பிள்ளையை அடுத்த வீட்டுல கொடுத்துட்டுப் போடுங்க."

ஆச்சி யோசித்தார். அடுத்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லையாம். மகன் குறுக்கே வந்து, கண் பரிசோதனைக்கு என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டார். பிறந்து 30 நாளுக்குள் விழித்திரை பார்த்தாக வேண்டும். வியாழக்கிழமை கண் டாக்டர் வருவார். சீட்டில் பெரிதாக எழுதி, வட்டம் போட்டு, ஆச்சி கையில்தான் கொடுத்தேன். மகன் தொலைத்துவிடுவார்.